திறந்து பார்க்காத பை

மெதடோன் எழுதிக்கொடுக்கும் அதிகாரத்துக்காகப் பயிற்சி பெறும் தாதிகளான நீங்கள் மூவரும் சென்ற மாதம் என் வீட்டுக்கு வந்திருந்தீர்கள். தேநீர் ஆறுவதற்குள் ஒருவர் கேட்டார்: "இந்த வேலையில் எதற்கு அதிகம் பயப்பட வேண்டும்?" வாசலில் நடக்கும் சண்டைகளைப் பற்றி ஏதோ சொல்லிச் சமாளித்தேன். நீங்கள் போன பிறகு பழைய குறிப்பேடு ஒன்றை எடுத்து, ஒரு நவம்பர் மாதத்துச் செவ்வாய்க்கிழமையின் பக்கங்களை மறுபடி வாசித்தேன். நேரில் சொல்லத் துணியாததை இங்கே எழுதுகிறேன்.

என் குறிப்பேடுகளில் நோயாளிகளின் பெயர் இருக்காது. கிழமை, மணி, நிமிடம், நடந்தது, இவ்வளவுதான். கப்பல்கள் மூழ்கிய பிறகு எழுதப்படும் விசாரணை அறிக்கைகளை நான் ஆசையோடு வாசிப்பவள். அவற்றில் யாரும் "திடீரென்று" என்று எழுதமாட்டார்கள். எத்தனை மணிக்கு யார் எதைப் பார்த்தார், பார்த்தும் என்ன செய்யாமல் விட்டார் என்றுதான் இருக்கும். நானும் அப்படியே எழுதப் பார்க்கிறேன்.

தமிழ்க் கடைகள் நிறைந்த லா ஷப்பல் பகுதியின் மெத்ரோ ரயில் நிலையத்திலிருந்து பத்து நிமிட நடையில் இருந்தது எங்கள் நிலையம். ஹெரோயினுக்கோ வலி மாத்திரைகளுக்கோ அடிமையாகி, விட முடியாமல் தவிப்பவர்களுக்கு மெதடோன் கொடுக்கும் இடம். அங்கே வேலை செய்த ஒரே தமிழ் ஆள் நான். தமிழர் யாராவது உள்ளே வந்தால் வரவேற்பு மேசை முதல் வைத்தியர் வரை என்னைத்தான் திரும்பிப் பார்ப்பார்கள். எங்கள் ஆட்களைப் பற்றி நான் ஒன்று சொன்னால் அதற்கு மேல் கேள்வி கிடையாது. அது எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

அந்த வருடம் என்னிடம் பயிற்சிக்கு வந்தவர் எலோடி. நாற்பத்திரண்டு வயது. அவசர சிகிச்சைப் பிரிவில் பல காலம் வேலை செய்துவிட்டு, மருந்தின் அளவைத் தானே தீர்மானிக்கும் தாதியாக வேண்டுமென்று மறுபடி படிக்க வந்தவர். குறைவாகப் பேசுவார். எதையும் தொட்டுப் பார்க்காமல் நம்பமாட்டார். அந்தப் பழக்கம் முதல் வாரத்தில் எனக்கு எரிச்சலாகவே இருந்தது.

நோயாளியை நேசன் என்று வைத்துக்கொள்வோம். யாழ்ப்பாணத்தவர், ஐம்பதைக் கடந்தவர். உணவகச் சமையலறையில் வழுக்கி விழுந்து முதுகெலும்பு உடைந்தபோது கொடுத்த வலி மாத்திரைகள் அவரை விடவில்லை. மருந்துச் சீட்டு நின்ற பிறகு ரயில் நிலையத்துப் பக்கம் நின்று வாங்கத் தொடங்கினார். எங்களிடம் வந்து மெதடோனுக்கு மாறி இரண்டு வருடமாக ஒழுங்காக இருந்தார். இது தமிழர் ஒருவருக்கும் தெரியாது. தெரிந்தால் ஊரிலிருக்கும் மனைவிக்கும் மகளுக்கும் அன்று மாலையே போய்ச் சேர்ந்துவிடும் என்று பயந்தார். அந்தப் பயம் நியாயமானது.

ஒவ்வொரு செவ்வாயும் வருவார். அன்றைய மருந்தை எங்கள் முன்னால் குடிப்பார். புதன் முதல் திங்கள் வரைக்கும் ஆறு சிறு போத்தல்களை வீட்டுக்குக் கொண்டுபோவார். அடுத்த செவ்வாய் அந்த ஆறு வெறும் போத்தல்களையும் திருப்பிக் கொண்டுவர வேண்டும். நாங்கள் அவற்றை எண்ணிய பிறகுதான் புதிய மருந்து. இது எங்கள் ஒழுங்கு.

அந்தச் செவ்வாய் காலை ஒன்பது இருபதுக்கு நேசன் வந்தார். நெற்றியில் திருநீறு. கண்கள் உள்ளே போயிருந்தன. கையில் இறுக்கி முடிச்சுப் போட்ட கடைப் பை.

"என்ன நேசன், ஆள் பாதியாப் போனியள்?"

"கந்தசட்டி மிஸ். ஆறு நாளும் தண்ணியோட இருந்தனான். நேற்று சூரன்போர் முடிஞ்சுது. இஞ்சையிருந்து நேர கோயிலுக்குத்தான். இண்டைக்குப் பாறணை."

நான் மன்னாரில் பிறந்த கத்தோலிக்கப் பெண். கந்தசட்டி விரதம் என்றால் என்னவென்று எனக்குத் தெரியும், அல்லது தெரியும் என்று நினைத்தேன். ஐப்பசியில் வரும் ஆறு நாள், முருகனுக்கு, ஏழாம் நாள் காலை பாறணைச் சோறு. போதாதா?

எலோடி என் காதருகே பிரெஞ்சில் சொன்னார்: "கண்மணிகள் விரிந்திருக்கின்றன. கை மயிர் சிலிர்த்திருக்கிறது. வந்ததிலிருந்து நாலு தரம் கொட்டாவி விட்டார்."

"ஆறு நாள் பட்டினி கிடந்தால் நீயும் கொட்டாவிதான் விடுவாய்."

"கடைசியாக எப்போது மருந்து குடித்தார் என்று கேட்கட்டுமா?"

நேசனுக்குப் பின்னால் இரண்டு பேர் நின்றார்கள். திருநீறோடு கோயிலுக்குப் புறப்பட்டு நிற்கும் மனிதரிடம், ஏதோ களவைப் பிடித்தது போல அந்தக் கேள்வியைக் கேட்பது எனக்குக் கூச்சமாக இருந்தது. "எங்கள் ஆட்களை எனக்குத் தெரியும்" என்று எலோடியிடம் சொன்னேன். இந்த வசனத்தை அன்று நான் சொன்ன நேரம் ஒன்பது முப்பத்தைந்து.

பிறகு நேசனிடம் திரும்பி, "எல்லாம் ஒழுங்காத்தானே எடுக்கிறியள்?" என்றேன்.

"ஓம் மிஸ்."

பதிலை உள்ளே வைத்தே கேட்ட கேள்விக்கு அவர் வேறு என்னதான் சொல்ல முடியும்? பையை வாங்கி, முடிச்சை அவிழ்க்காமல் மேசைக்குக் கீழே வைத்தேன். ஒன்பது நாற்பதுக்கு நேசன் முழு அளவு மெதடோனையும் என் முன்னால் குடித்தார். புதிய ஆறு போத்தல்களையும் கொடுத்தேன். போகும்போது, "ஆறு நாளா நித்திரை இல்லை மிஸ். சாப்பிட்டிட்டு விழுந்து படுக்கப் போறன்" என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

பத்து முப்பத்தைந்துக்குக் கூட்டம் குறைந்தது. எலோடி குனிந்து பையை எடுத்து, நகத்தால் முடிச்சை நெம்பி அவிழ்த்தார். பையை என் பக்கம் சாய்த்துக் காட்டினார்.

ஆறு போத்தல்களும் நிறைந்திருந்தன. ஒன்றின் மூடிகூட உடைக்கப்படவில்லை.

உங்களில் இன்னும் இந்தப் பாடத்துக்கு வராதவர்களுக்காக ஒன்று. நாள்தோறும் மெதடோன் எடுக்கும் உடல் அந்த அளவைத் தாங்கப் பழகியிருக்கும். சில நாட்கள் நிறுத்தினால் அந்தப் பழக்கம் தளர்ந்துவிடும். அதன் பிறகு பழைய அளவையே கொடுத்தால், போன வாரம் மனிதரை நிமிர்த்தி நிற்கவைத்த அதே மருந்து இந்த வாரம் மூச்சை நிறுத்திவிடலாம். அதுவும் உடனே நடக்காது. சில மணி நேரத்தில் மெல்ல மெல்ல ஏறும். ஆள் நித்திரையில் இருந்தால் யாருக்கும் தெரியாது. விரிந்த கண்மணியும் சிலிர்த்த மயிரும் மருந்தில்லாத உடலின் தவிப்பு. எலோடி பார்த்ததை நான் விரதம் என்று பெயர் சொல்லி மூடிவிட்டேன்.

நேசனுடைய கைபேசி அணைக்கப்பட்டிருந்தது. அவசர மருத்துவச் சேவையை அழைத்தோம். எங்கே அனுப்புவது என்று கேட்டார்கள். கோப்பில் இருந்தது ஸ்தேன் புறநகரில் ஒரு நண்பர் வீட்டு முகவரி. அங்கே அழைத்தால், "அவர் ஆடி மாசமே அறையை விட்டிட்டுப் போட்டார்" என்றது ஒரு பெண் குரல். வைத்தியர் வேறு இடத்தில் இருந்தார். தொலைபேசியில் ஒரே வசனம்தான் சொன்னார்: "அவர் தூங்குவதற்குள் கண்டுபிடியுங்கள்."

மூச்சு அடங்கினால் மூக்கில் அடிக்கும் மாற்று மருந்து இரண்டை எடுத்துக்கொண்டு, நானும் எலோடியும் பத்து ஐம்பதுக்கு வெளியே இறங்கினோம். முதலில் கோயில். பாறணைக்கு வந்த கூட்டம் வாசல் வரைக்கும் நின்றது. நான் சப்பாத்தைக் கழற்றி உள்ளே போய் வரிசை வரிசையாக முகங்களைப் பார்த்தேன். தெரிந்த பெண் ஒருவர், "என்ன அக்கா, நீங்களும் இஞ்சாலைப் பக்கம் வந்திட்டியளோ? மாதா கோவிக்கமாட்டாவோ?" என்று சிரித்தார். நான் அடுத்த வரிசைக்கு நகர்ந்தேன். நேசன் அங்கே இல்லை.

எஞ்சியது அவர் வேலை செய்த இடம். ரூ பெர்தொனே என்ற தெருவில் ஒரு சிறு உணவகம். அங்கே போகும் ஐந்து நிமிடமும் என்ன சொல்லி விசாரிப்பது என்றே யோசித்தேன். நான் எங்கே வேலை செய்கிறேன் என்று அந்தத் தெருவில் பலருக்கு அரைகுறையாகத் தெரியும். கடைகளில் நின்று பிறஷர் பார்த்துக்கொடுப்பேன், கடிதங்களை வாசித்துக்கொடுப்பேன். நான் போய் நேசனைப் பதற்றத்தோடு தேடினால் கூட்டிக்கழித்துப் பார்த்துவிடுவார்கள். அவர் இரண்டு வருடம் காத்த இரகசியம் மதியத்துக்குள் கரைந்துவிடும். அதனால் ஒரு பொய்யைத் தயாரித்தேன். லா ஷப்பலில் எல்லோருக்கும் அவசரமான ஒன்று இருக்கிறது, பேப்பர், அதாவது பிரெபெக்தூர் அலுவலகம் கொடுக்கும் வதிவிட அனுமதி. அதைச் சொன்னால் யாரும் மேலே கேட்கமாட்டார்கள் என்று கணக்குப் போட்டேன்.

பதினொன்று பத்துக்கு உள்ளே நுழைந்தோம். மேசையிலிருந்த ஒருவர், "மிஸ் வந்திட்டா, எல்லாரும் ஊறுகாயை ஒளியுங்கோ" என்றார். சிரிப்பு எழுந்தது. முதலாளி வெளியே வந்தார்.

"நேசன் நிக்கிறாரோ அண்ணை? பிரெபெக்தூரிலயிருந்து ஒரு பேப்பர் வந்திருக்கு. உடன கையெழுத்து வைக்கோணும்."

முதலாளியின் பார்வை என்னைத் தாண்டிப் போனது. எனக்குப் பின்னால் எலோடி நின்றார். கழுத்தில் அடையாள அட்டை, கையில் கோப்பு, வெள்ளை முகம். தொழில் திணைக்களத்துப் பரிசோதகர் என்று எழுதி ஒட்டாத குறை. சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது. ஊறுகாய்க்காரர் தன் தட்டை மட்டும் பார்த்துச் சாப்பிடத் தொடங்கினார்.

"நேசனோ? அவன் மூண்டு மாசமா இஞ்சை வேலைக்கு வாறேல்லையே அக்கா. வேறை எங்கையோ போட்டான்."

"இண்டைக்கும் வரேல்லையோ?"

"இல்லையெண்டு சொல்லுறன்."

அவர் கண்ணில் கோபத்தை விடப் பயமே அதிகம் தெரிந்தது. நான் நம்பினேன். வெளியே வந்து அடுத்த கடை, அதற்கடுத்த நகைக்கடை, பலசரக்குக் கடை, சிகை அலங்காரக் கடை என்று அதே பொய்யோடு நடந்தேன். நாங்கள் போவதற்கு முன்பே செய்தி போய்க்கொண்டிருந்தது. எல்லாக் கடையிலும் ஒரே பதில், ஒரே மரியாதை. பதினொன்று நாற்பதுக்குக் குளிரில் நின்று மணிக்கூட்டைப் பார்த்தேன். அவர் குடித்து இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது.

எலோடிக்குத் தமிழ் தெரியாது. ஆனால் முகங்களைப் பார்த்துக்கொண்டே வந்திருக்கிறார்.

"முதல் கடைக்காரர் பொய் சொல்கிறார்" என்றார். "நீ அவரிடம் என்ன சொன்னாய்?"

சொன்னேன்.

"என்னையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேப்பர் என்று சொன்னாயா?" அவர் தன் அடையாள அட்டையைக் கழற்றிப் பைக்குள் போட்டார். "உண்மையைச் சொல்."

"சொன்னால் அவருடைய வாழ்க்கை போய்விடும். அவருடைய இரகசியம் அது."

"அவர் மெதடோன் எடுப்பது அவருடைய இரகசியம். முடிச்சுப் போட்ட பையைத் திறந்து பார்க்காமல் மருந்து கொடுத்த பிழை நம்முடையது. இப்போது நீ எதை மறைத்துக்கொண்டிருக்கிறாய்?"

நம்முடையது என்றார். அவருடையது அதில் ஒன்றுமே இல்லை.

உணவகத்துக்குத் திரும்ப நடக்கவில்லை, ஓடினேன். கூட்டம் முன்னை விட அதிகம். முதலாளி என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பினார். நான் குரலைத் தாழ்த்தவில்லை. தாழ்த்தினால் மறுபடி பொய் வந்துவிடும் என்று பயந்தேன்.

"அண்ணை, பேப்பர் எண்டது பொய். நான் காலமை நேசனுக்கு ஒரு மருந்து குடுத்தனான். பிழைச்சுப் போச்சு. என்ரை பிழை. அளவு கூடிப்போச்சு. அவர் நித்திரை கொண்டால் எழும்பமாட்டார்."

எல்லாக் கரண்டியும் நின்றது. யாரோ ஒருவர், "ஐயோ, மிஸ்ஸோ?" என்றார்.

முதலாளி என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு கல்லாவின் திறப்பை மேசையில் போட்டுவிட்டு, "மேலை. சாமான் அறையிலை. பாறணைச் சோறு திண்டிட்டுப் படுத்தவன்" என்று படியை நோக்கி ஓடினார்.

பதினொன்று ஐம்பத்தைந்து. அரிசி மூட்டைகளுக்கும் எண்ணெய்ப் பெட்டிகளுக்கும் நடுவே மெத்தையில் நேசன் கிடந்தார். உதடுகள் கருநீலம். ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் இடையில் நான் இரண்டு தரம் அவர் பெயரைக் கூப்பிட முடிந்தது. எலோடி தலையைப் பின்னால் சாய்த்துப் பிடிக்க, நான் மூக்கில் மருந்தை அடித்தேன். ஒன்றும் நடக்கவில்லை. இரண்டு நிமிடம் என்று குறிப்பேட்டில் எழுதியிருக்கிறேன். என் வாழ்க்கையில் அதை விட நீளமான நேரம் இல்லை. அவர் நெஞ்சை உரசிக்கொண்டே, "நேசன், மூச்செடுங்கோ, மூச்செடுங்கோ" என்று கத்தினேன். இரண்டாவதையும் அடித்தோம். அவர் இருமிக்கொண்டு கண்ணைத் திறந்தார்.

"மிஸ், இஞ்சை என்ன செய்யிறியள்?"

முதலாளி சுவரில் சாய்ந்து கையெடுத்துக் கும்பிட்டார். "எழும்பிட்டான். போதும் அக்கா. அம்புலன்ஸ் எல்லாம் வேண்டாம், இஞ்சை வந்து படுக்கிற இடத்தைப் பாத்தாங்கள் எண்டால் கடையைப் பூட்டிப்போடுவாங்கள்."

நேசனும் எழுந்து உட்கார்ந்து, "எனக்கு ஒண்டுமில்லை" என்றார். பார்த்தால் அப்படித்தான் இருந்தது. இந்த இடத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். மூக்கில் அடித்தது சீக்கிரம் இறங்கிவிடும், மெதடோன் உள்ளேயே நிற்கும். அவர் மறுபடி மயங்குவார். "படுக்கை என்ரை பிரச்சினை இல்லை அண்ணை, அவரைக் கீழை கொண்டுவாங்கோ" என்றேன். நேசனை முதலாளியும் ஒரு வேலையாளும் தாங்கிப் படியிறக்கி, கடை வாசலில் கதிரையில் உட்காரவைத்தார்கள். எலோடி அம்புலன்ஸை அழைத்தார். அதற்கிடையில் நான் நேசனுடைய ஜாக்கெட்டிலிருந்த ஆறு போத்தல்களையும் என் கைப்பைக்குள் மாற்றினேன். மருந்தின் பெயர், அளவு, குடித்த நேரம் மூன்றையும் ஒரு தாளில் எழுதி, மடித்து அம்புலன்ஸ்காரரின் கையில் கொடுத்தேன். வாயால் ஒன்றும் சொல்லவில்லை. வண்டிக்குள் ஏற்றும்போதே நேசனின் தலை மறுபடி தொங்கத் தொடங்கியிருந்தது.

வியாழக்கிழமை மருத்துவமனையில் அவரைப் பார்த்தேன். எதிரே உட்கார்ந்து, ஏன் மருந்தை நிறுத்தினீர்கள் என்று கேட்டேன்.

"விரதத்திலை மருந்து குடிக்கலாமோ எண்டு உங்களிட்டைக் கேக்கத்தான் இருந்தனான். நீங்கள் வேதக்காரர், உங்களுக்கு இது விளங்காது எண்டு விட்டிட்டன். சாமிக்கு முன்னாலை அதையும் குடிச்சுப்போட்டு நிக்க மனம் வரேல்லை. சரியான வருத்தம்தான் மிஸ், உடம்பு முழுக்க முறிஞ்சுது. தாங்கினனான். பையைத் திறந்து பாத்தால் நீங்கள் சந்தோசப்படுவியள் எண்டு நினைச்சன்."

நடந்ததை முழுமையாக எழுதி நிலையத்துக்குக் கொடுத்தேன். எலோடி கேட்க நினைத்த கேள்வியையும், நான் அதைத் தடுத்த நிமிடத்தையும் சேர்த்தே எழுதினேன். விசாரணை நடந்தது, எச்சரிக்கை கிடைத்தது. லா ஷப்பலில் கிடைத்த தண்டனை அதை விட நீளம். பிழையான மருந்து கொடுத்து ஆளைக் கொல்லப் பார்த்த மிஸ் என்ற பெயர் அன்று மாலைக்குள் ஆர்ஜொந்தெய் புறநகர் வரை போய்விட்டது. பலசரக்குக் கடையில் வழக்கமாகக் கையை நீட்டும் அம்மா ஒருவர், பிறஷர் கருவியைக் கண்டதும் சால்வைக்குள் கையை இழுத்துக்கொண்டார். என்ன மருந்து என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. பிழை விட்டவள் கிடைத்த பிறகு நோயைப் பற்றி யோசிக்க ஆட்களுக்கு நேரமில்லை.

நேசனுக்கு அது தாங்கவில்லை. "உங்களைப் பிழையாக் கதைக்கினம் மிஸ். நான் உண்மையைச் சொல்லட்டே?"

"அவை சொல்லுறது உண்மைதானே. விடுங்கோ."

இதை உங்களுக்கு எழுதுவதன் காரணம், உங்களில் இருவர் எங்கள் ஆட்கள். உங்கள் தமிழுக்காகவே உங்களை வேலைக்கு எடுப்பார்கள். உங்கள் சொல்லுக்கு மேல் கேள்வி இருக்காது. அந்த நாளிலிருந்து நீங்களே உங்களைக் கேள்வி கேட்கத் தொடங்குங்கள். தெரியாத நோயாளியிடம் நாம் கவனமாக இருப்போம். தெரிந்த ஆள் என்று நினைத்த ஒருவரைத்தான் நான் சாகடிக்கப் பார்த்தேன். இன்றைக்கும் செவ்வாய்க்கிழமைகளில் காலை ஒன்பது நாற்பதுக்கு மணிக்கூட்டைப் பார்ப்பேன்.

அதற்கு அடுத்த வருடம், நான் ஓய்வு பெறுவதற்குச் சில மாதங்களுக்கு முன், அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை நேசன் வந்தார். எலோடி அப்போது பயிற்சி முடித்து, எங்கள் நிலையத்திலேயே மருந்து எழுதும் தாதியாக உட்கார்ந்திருந்தார். வெறும் போத்தல்களை எண்ணி முடித்தோம். நேசன் போகாமல் நின்றார். பின்னால் நான்கு பேர் வரிசையில் நின்றார்கள்.

"மிஸ், இந்த முறையும் சட்டி பிடிக்கப் போறன். மருந்தை என்ன செய்யிறது?"

என்னிடம் பதில் தயாராக இருந்தது. ஒரு வருடமாகத் தயாராக இருந்தது. மருந்து சாப்பாடல்ல, ஐயரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்லுவார், வழக்கம் போலக் குடியுங்கோ. வாயைத் திறந்தவள் எலோடியைப் பார்த்து மூடிக்கொண்டேன்.

"நேசன், அந்த விரதத்தைப் பற்றி எனக்கு ஒண்டும் தெரியாது" என்றேன். "முதலிலயிருந்து சொல்லுங்கோ. எப்ப தொடங்குறது, எப்ப எழும்புறது, என்ன வாயிலை வைக்கலாம், என்ன வைக்கக் கூடாது. நான் எலோடிக்குச் சொல்லுறன். பிறகு மூண்டு பேருமா முடிவெடுப்பம்."

"உங்களுக்குத் தெரியாதோ?" அவரால் நம்ப முடியவில்லை.

"தெரியாது."

வரிசையில் ஒருவர் பெருமூச்சு விட்டார். நேசன் பக்கத்திலிருந்த கதிரையை இழுத்துப் போட்டு, எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார்.

"அமாவாசைக்கு அடுத்த நாள் தொடங்கோணும் மிஸ்" என்றார்.